கடையில் சாப்பிட்டது வீட்டில் வருமா? சென்னைச் சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 2009ல் விருதுநகரிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவள். முதல் நான்கு வருடம் திருவல்லிக்கேணியில் பெண்கள் விடுதி. அப்புறம் மேற்கு மாம்பலத்தில் சின்ன வாடகை வீடு, சொந்த அடுப்பு. வெளியே ஒன்றைச் சாப்பிட்டுப் பிடித்துவிட்டால் அந்த வாரமே வீட்டில் செய்து பார்த்துவிடுவேன். இது தெரிந்ததிலிருந்து அலுவலகத்திலும் அடுக்ககத்திலும் சொந்தக்காரர்களும் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். பத்தில் எட்டு கேள்வி ஒன்றேதான், வார்த்தைதான் மாறும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே என் பதிலையும் வைத்திருக்கிறேன்.

“ஊருக்குப் புதுசு அக்கா. முதல் வாரம் எங்கேருந்து சாப்பிட ஆரம்பிக்கலாம்?”

திருவல்லிக்கேணியிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும். இரண்டையும் நடந்தே சுற்றிவிடலாம். காலையில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. 1948லிருந்து இருக்கிற கடை. தட்டில் இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள். குறையக் குறைய மறுபடி வந்து ஊற்றுவார்கள். வேண்டாம் என்று கையை நீட்டி மறைத்தால்தான் நிற்கும். மதியம் அதே பகுதியில் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாழை இலைச் சாப்பாடு.

இன்னொரு நாள் மயிலாப்பூர். அருண்டேல் தெருவில் சந்துக்குள் ராயர் மெஸ். இடம் சின்னது, ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி. கெட்டிச் சட்னியோடு பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க்கைக் குடித்தபடி கோயிலைச் சுற்றி நடந்தால் அன்றைய காலை முழுதாக முடிந்துவிடும். சினிமாக்காரர்கள் வரும் பெரிய உணவகங்கள் எங்கேயும் போய்விடாது, அவற்றை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

“மெஸ்ல எல்லாம் ஆம்பளைங்க கூட்டமா இருக்கு. தனியா ஒரு பொண்ணு போய் உக்காந்து சாப்பிட முடியுமா?”

முடியும். பதினைந்து வருடத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பந்தி மாறும் வேகத்தில் நான்காம் தடவை யாரும் கவனிக்க மாட்டார்கள், பரிமாறுகிறவர் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு “இன்னைக்கு வத்தக்குழம்பு இருக்கும்மா” என்பார்.

நேரம் பார்த்துப் போவது உதவும். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கே போனால் சோறும் புதிது, கூட்டமும் குறைவு. இரவு பத்துக்கு மேல் அறிமுகமில்லாத தெருவில் சாப்பிடப் போவதென்றால் நானும் துணையோடுதான் போவேன்.

“வீட்ல எப்படி வெச்சாலும் ஓட்டல் சாம்பார் ருசி வரமாட்டேங்குது. ஏதாச்சும் ரகசியப் பொடி போடுறாங்களா?”

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நாம் நினைக்கிற மாதிரி ரகசியப் பொடி எதுவும் காரணமில்லை. அளவு, சூடு, நேரம் என்ற மூன்றில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஓட்டலில் ஒரு அண்டா சாம்பார் மணிக்கணக்கில் சிறு தீயில் இருக்கிறது. காயெல்லாம் கரைந்து குழம்போடு சேர்ந்துவிடுகிறது. நாம் ஒரு குக்கர் பருப்பில் புளியை ஊற்றி ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுகிறோம்.

டிபன் சாம்பாரும் சோற்றுக்கான சாம்பாரும் ஒன்றல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இட்லிக்கு வைப்பது நீர்க்க இருக்கும், புளி குறைவு, இனிப்பு ஒரு துளி கூட. நான் செய்வது இப்படி: துவரம்பருப்பு மூன்று பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. அதோடு ஒரு கீற்று மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காயை, சேர்த்தே குழைய வேகவைத்து மசித்துவிடுவேன். குழம்புக்கு அந்த வழுவழுப்பு பரங்கியிலிருந்து வருகிறது. சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, நெல்லிக்காய் அளவில் பாதி புளி. தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கால் கரண்டி வெந்தயம், ஒரு பிடி தேங்காய் எல்லாவற்றையும் அன்றே எண்ணெயில் வறுத்து அரைத்துக் கரைத்து ஊற்றுவேன். சுண்டைக்காய் அளவு வெல்லம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை: இருபது நிமிடம் சிறு தீயில் விட்டு, அடுப்பை அணைத்து, மூடி அரை மணி நேரம் வைப்பது. பரிமாறும் முன் திரும்பச் சூடாக்கி, நெய்யில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் பாதித் தூரம் கடந்துவிடலாம். மீதித் தூரம் அண்டாவுக்கு உரியது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. உளுந்து சரியில்லையா?”

உளுந்து பழையதாக இருந்தால் அதுவும் காரணமாகலாம். ஆனால் என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு இடம்தான் காரணம். மேல் தளத்தில் இருக்கும் ஒரு அக்கா இரண்டு மாதம் உளுந்துக் கடையை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது மாவுப் பாத்திரம் படுக்கையறை மேஜையில் இருந்தது. சமையலறையில் எறும்பு வருகிறது என்று அங்கே வைத்திருக்கிறார், இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. அன்றைக்குப் பாத்திரத்தை ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவே சமையலறையிலேயே வைத்தோம். காலையில் அழைத்தார். மூடியை மாவு தூக்கிக்கொண்டிருந்தது, ஓரமாக ஒரு கோடு வழிந்து தண்ணீர்த் தட்டில் இறங்கியிருந்தது.

மாவைப் புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். உளுந்து மாவில் முக்கியமாக வேலை செய்வதன் பெயர் லியூகோனோஸ்டாக். அதற்கு வெதுவெதுப்பு வேண்டும். சென்னை மே மாதத்தில் ஆறு மணி நேரம் போதும். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள், இல்லாவிட்டால் கிரைண்டர் சூட்டிலேயே மாவு தளர்ந்துவிடும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசி மாவோடு கையால் நன்றாகக் கலந்து, பாதிக்கு மேல் நிரப்பாத பாத்திரத்தில் வையுங்கள்.

“அரைக்க நேரமே இல்ல. கடை மாவு வாங்கினா தப்பா?”

தப்பே இல்லை. அரைத்த தேதி பார்த்து, ஒருநாள் மாவாக வாங்குங்கள். பொட்டலம் பந்து போல உப்பியிருந்தால் அது ஏற்கெனவே புளித்து முடிந்த மாவு. தோசைக்கு ஆகும், இட்லிக்கு ஆகாது.

“தோசை கல்லுல ஒட்டுது, இல்லேன்னா வெள்ளையா வருது. கடை மாதிரி சிவந்து முறுகலா எப்படி?”

கடைக்காரரின் கல் காலையிலிருந்து சூட்டிலேயே இருக்கிறது. அத்தனை கனமான இரும்பு, ஒரு தோசை போட்டதும் ஆறிவிடாது. நம் மெல்லிய கல்லில் முதல் தோசை சூட்டை இழுத்துக்கொண்டுவிடுகிறது. கனமான இரும்புக் கல் ஒன்று வாங்கிப் பழக்குங்கள். வாங்கியதும் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஊறவைத்துக் கழுவி, பல நாள் எண்ணெய் தடவிச் சூடாக்கி வைத்தால் கல் பழகும். அதில் சப்பாத்தி போடாமல் தோசைக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஊற்றும் முன் தண்ணீர் தெளித்து, பாதி வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். சுர்ரென்று சத்தம் வந்து அடங்கும் நொடியில் மாவு. நிறத்துக்கு, அரைக்கும்போது உளுந்தோடு ஒரு பிடி கடலைப்பருப்பு சேர்த்துப் பாருங்கள். சாம்பாருக்குச் சொன்ன அதே கதைதான், சூடு நம் பக்கம் இல்லை என்றால் எந்தப் பொருளும் காப்பாற்றாது.

“ஃபில்டர் காபி கசக்குது. சிக்கரி இல்லாத தூள் வாங்கினா சரியாயிடுமா?”

சிக்கரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மையும் நிறமும் அதனால்தான் வருகின்றன. எண்பதுக்கு இருபது என்று சொல்லி வாங்குங்கள். கடை அலமாரியில் பொட்டலத் தூள் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும், சிக்கரி 49 சதவீதம் வரைகூடச் சட்டப்படி போகலாம். விலை மலிவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கும்.

கசப்பு வருவது பல நேரம் தண்ணீரால்தான். தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றாமல், அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். தூளை அழுத்தி அடைக்க வேண்டாம். இறங்கி முடித்த டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்கவே கூடாது. பால்தான் சூடாக இருக்க வேண்டும். புதிதாகக் காய்ச்சிய பாலில் கலந்த காபிக்கும், இரண்டாம் முறை காய்ச்சிய பாலில் கலந்ததற்கும் உள்ள வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரியும்.

“வடகறி சைதாப்பேட்டையிலதான் சாப்பிடணும்னு ஏன் சொல்றாங்க?”

சைதாப்பேட்டை மாரி ஓட்டல்தான் அந்தப் பேருக்குக் காரணம். மிஞ்சிய மசால் வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டுப் பிறந்த பண்டம் என்பார்கள். கடலைப்பருப்பு மணல் மணலாக, பட்டை சோம்பு வாசனையோடு இட்லியில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அங்கே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் செய்யும்போது கடலைப்பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, உதிர்த்துப் போடுங்கள். எண்ணெய் குறையும். ஆனால் பொரித்த வடையின் மொறுமொறுப்பான ஓரங்கள் குழம்பில் ஊறும் ருசி எனக்கு வேண்டும் என்பதால் நான் பாதியைப் பொரித்தே போடுவேன்.

“அத்தோன்னா என்ன? நூடுல்ஸ்தானே, அதுக்குப் போய் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகணுமா?”

போகணும். பர்மாவில் 1962ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் வியாபாரமும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் கையில் காசு இல்லை, நாக்கில் பர்மா ருசி இருந்தது. பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் உருவானது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இரண்டாவது கடற்கரைச் சாலையில் இன்றும் மாலையானால் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். பர்மியமொழியில் ‘அத்தோ’ என்றால் கையால் பிசைந்தது என்று பொருள்.

பிசைவதை நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸ் ஒரு பிடி கிண்ணத்தில் விழும். மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், இடித்த மிளகாய், உப்பு, புளித்தண்ணீர், எலுமிச்சை. கடைசியாக ஒரு தட்டை மாதிரி பொரித்த பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கிப் போடுவார். ஐந்து விரலும் உள்ளே போய் நான்கு சுற்று. கையில் எடை பார்த்தே அளவு போடுகிற கை அது. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், மிளகு வாசனையோடு. வேகவைத்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் வைத்துத் தரும் முட்டை பேஜோவையும் விட்டுவிடாதீர்கள், ஒரே வாயில் போட வேண்டும்.

வீட்டில் செய்வதானால் நூடுல்ஸை மஞ்சள் சேர்த்து வேகவைத்து, எண்ணெய் தடவி, முழுக்க ஆறவிட்டே பிசையுங்கள். சூட்டோடு பிசைந்தால் கோஸ் வதங்கிப் போய்விடும். எனக்கு எல்லாம் சரியாக வந்தும் புளித்தண்ணீர் மட்டும் பல மாதம் வரவில்லை. அது எப்படித் தீர்ந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

“சிக்கன் 65க்கு ஏன் அந்தப் பேரு? 65 நாள் கோழியா, 65 மிளகாயா?”

இரண்டும் கட்டுக்கதை. மவுண்ட் ரோடு புகாரி ஓட்டல் 1951ல் தொடங்கியது. அவர்கள் பட்டியலில் இது 1965ல் வந்ததால் அந்தப் பெயர் என்பதுதான் அவர்களே சொல்வது. பிறகு அதே வழியில் சிக்கன் 78, 82, 90 என்றும் வைத்தார்கள். ஆண்டைப் பேராக வைத்த பண்டங்கள் வரிசையாக இருப்பதால் எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

வீட்டில் வரும் தவறு ஒன்றே ஒன்று: மொத்தத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் கடாயில் கொட்டுவது. எண்ணெய் உடனே ஆறிவிடும், கோழி பொரியாமல் வேகும், நீர் விடும். ஆறு ஏழு துண்டாகப் போட்டு முக்கால் பதத்தில் எடுத்து, எல்லாம் முடிந்ததும் எண்ணெயை நன்றாகக் காயவைத்து இரண்டாம் முறை ஒரு நிமிடம் பொரித்தெடுங்கள். நிறத்துக்குச் சாயப்பொடி வேண்டாம், காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும்.

“சௌகார்பேட்டைக்குப் போனா அந்தக் கூட்டத்துல எதைச் சாப்பிடுறது, எதை விடுறது?”

மாலை ஐந்தரைக்கு மேல், வெறும் வயிற்றோடு, இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்தால்தான் நான்கு இடமாவது பார்க்க முடியும். மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும். என்எஸ்சி போஸ் சாலையில் சீனா பாய் டிபன் கடையில் நெய்ப்பொடி இட்லியும் ஊத்தப்பமும். கல்லின் மேல் நெய்யைக் கரண்டியால் எடுக்கிற விதத்தைப் பார்த்து முதலில் பயம் வரும், பொடியோடு சேர்ந்து கருகும் வாசனை வந்ததும் பயம் போய்விடும். சந்துகளில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, சீஸ்.

ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்களும் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்களும் ஒரே தெருவில் இருப்பதால்தான் ஜிலேபிக்கு இரண்டு கடை தள்ளி ஊத்தப்பம் வேகிறது. மெட்ரோவில் போய் உயர்நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி நடங்கள். வண்டியை எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பசி அடங்கிவிடும்.

“மீன் வாங்கக் காசிமேடா நொச்சிக்குப்பமா? நல்ல மீன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பெரிய அளவில், குறைந்த விலையில் வேண்டுமானால் காசிமேடு. பொழுது விடிவதற்குள் ஏலம் சூடுபிடித்துவிடும். வீட்டுக்கு ஒரு கிலோ என்றால் மெரினா லூப் சாலை நொச்சிக்குப்பம் போதும். சின்னப் படகில் போய்ப் பிடித்த மீன் என்பதால் வகை குறையலாம், ஆனால் புதிதாக இருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். நாற்றம் அடித்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

விற்றவரிடமே வெட்டக் கேட்காமல், பக்கத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கொடுங்கள், அதற்குத் தனிக் கூலி. குழம்புக்கு என்றால் ஒரு மாதிரி, வறுக்க என்றால் ஒரு மாதிரி வெட்டுவார். “சங்கராவைக் குழம்புல போடு, வறுத்தா வத்திரும்” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கைதான்.

“மீன்பிடித் தடைக் காலத்துல விக்கிறது பழைய மீனா?”

எல்லாம் அப்படி இல்லை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால். தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையை ஒட்டிப் போகும் நாட்டுப்படகுகள் போய்வரும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1ல்தான் தொடங்குகிறது, அதனால் மே முடியும் வரை கேரளப் பக்கத்து மீனும் ஐஸில் வரும். வஞ்சிரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல், அந்த இரண்டு மாதம் நெத்திலி, கிழங்கான் என்று சின்ன மீன் பக்கம் போங்கள். வாங்கும் முன் மேலே சொன்ன செவுள், கண், விரல் சோதனையை இந்த மாதங்களில் இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

“பாய் வீட்டுப் பிரியாணி மாதிரி பண்ணப் பாத்தா பொங்கல் மாதிரி ஆயிடுது. எத்தனை டம்ளர் தண்ணி?”

டம்ளர் கணக்கை நம்பியதால்தான் அது பொங்கல் ஆனது. தக்காளி, தயிர், வெங்காயம், கறி எல்லாமே நீர் விடும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. சீரகச் சம்பா என்றால் ஒரு பங்கு அரிசிக்கு மசாலாவில் இருக்கும் நீரோடு சேர்த்து ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் கூட. அரிசியை இருபது நிமிடத்துக்கு மேல் ஊறவைக்க வேண்டாம். இந்தக் கணக்கு கைக்கு வரும் வரை ஆம்பூர்க்காரர்கள் வழி பாதுகாப்பானது: அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுவது. காரத்துக்குத் தூளைவிடக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது.

தம்முக்குப் பாத்திரத்தின் கீழே பழைய தோசைக்கல், மேலே கனமான மூடி, அதன் மேல் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம். இருபது நிமிடம். அணைத்த பிறகு பதினைந்து நிமிடம் திறக்காதீர்கள். திறந்ததும் கரண்டியை நடுவில் விடாமல் ஓரத்திலிருந்து அடிவரை விட்டுத் தூக்குங்கள். அரைக் கிலோவுக்குச் செய்யும்போது கல்யாணப் பிரியாணி மணம் முழுதாக வராது. சாம்பாருக்குச் சொன்ன அண்டா விஷயம் இங்கேயும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு சேர்ந்து இரண்டு கிலோவாகச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

“மீந்த பிரியாணியைக் காலைல சூடு பண்ணிச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுதானே?”

இரவே குளிர்பெட்டியில் வைத்திருந்தால் சாப்பிடலாம். அடுப்பு மேலேயே மூடி வைத்திருந்தால் வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து உள்ளே வையுங்கள். கடைப் பார்சலுக்கும் இதுவேதான்.

“பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு போட்டிருக்காங்க. குடுத்தே ஆகணுமா?”

வேண்டியதில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஜிஎஸ்டி வேறு விஷயம், அது வரி. சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்.

நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு உணவகத்தில் பிறந்தநாள் விருந்துக்கு ஒன்பது பேர் போயிருந்தோம், பத்து சதவீதம் சேர்த்திருந்தார்கள். எடுக்கச் சொன்னபோது மேலாளர் முதலில் “சிஸ்டத்துல வராது மேடம்” என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கட்டுமா என்று பொறுமையாகக் கேட்டதும் புதுப் பில் வந்தது. பரிமாறிய தம்பிக்கு நாங்கள் தனியாகக் கையில் கொடுத்தோம். அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அதுதான் சரியான வழி.

“பார்சல் சாம்பாரை இன்னும் பிளாஸ்டிக் பையில கட்டித் தர்றாங்களே, வாங்கலாமா?”

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1லிருந்து தடை. கொதிக்கும் குழம்பை அதில் ஊற்றுவது உடம்புக்கும் நல்லதில்லை. தூக்கு எடுத்துப் போங்கள். தூக்கு நீட்டினால் பல கடைகளில் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுகிறார்கள்.

“ரம்ஜான் மாசத்துல திருவல்லிக்கேணி போலாமா? நாங்க முஸ்லிம் இல்ல, தப்பா நினைப்பாங்களா?”

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நோன்பு திறந்த பிறகு போங்கள், அதற்கு முன்னால் நோன்பிருப்பவர்கள் எதிரே நின்று தின்ன வேண்டாம், அவ்வளவுதான். வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சுற்றி நோன்புக் கஞ்சி, சமோசா, வாடா, கடல்பாசி. 1795ல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டிய பள்ளி அது. அங்கே நோன்பு திறக்க வரும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பல வருடங்களாகச் சைவ உணவு சமைத்து, தாங்களே வந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து இந்த ஊருக்கு வந்த குடும்பங்கள். வாளியோடு வரிசையாக அவர்கள் நடப்பதை ஒருமுறை பார்த்தேன், அப்புறம் அன்றைக்கு வேறெதுவும் சாப்பிடத் தோன்றவில்லை.

“சமையல்காரங்ககிட்ட ரெசிபி கேட்டா சொல்லுவாங்களா? கேக்கவே கூச்சமா இருக்கு.”

ரெசிபி கேட்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு. கூட்டம் இருக்கும்போதும் கேட்காதீர்கள். வீட்டில் நீங்களே இரண்டு மூன்று முறை செய்து, எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் கேளுங்கள். செய்து பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்ததும் முகமே மாறும்.

அத்தோவுக்கான புளித்தண்ணீர் எனக்கு வரவில்லை என்று சொன்னேன் அல்லவா? ஒரு மழை நாளில் அத்தோ வண்டிக்காரரைத் தவிர அங்கே யாரும் இல்லை. “அண்ணே, வீட்ல பண்ணிப் பாத்தேன், புளி மட்டும் காட்டமா, பச்சையா நிக்குது” என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஊறவெச்சு அப்படியே ஊத்துனியா, கொதிக்க வெச்சியா?” அப்படியே ஊற்றினேன் என்றேன். “கொதிக்க வெச்சு ஆறவிடும்மா. உப்பு அதுலயே போட்டுரு, நூடுல்ஸ்ல போடாதே.” அன்றிரவே கொதிக்கவைத்தேன். மறுநாள் பிசைந்து, இரண்டு டப்பா நிறைய எடுத்துப்போய் அலுவலகத்தில் வைத்தேன். ஒரு டப்பாவை மாலையில் கடற்கரை நிலையத்துக்கும் கொண்டு போனேன். அவர் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, “பூண்டு இன்னும் செவக்கணும்” என்றார்.